நசுங்கிய வட்டம்

"எங்கப்பா இறங்கின இடம் எது? அதை மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

நெவென்கா கேட்டேவிட்டாள். ஆறு வயதில் சாப்பாட்டு மேசையில் ஒருமுறை இதைக் கேட்டதற்கு அம்மா கரண்டியாலேயே வாயில் ஒன்று போட்டாள். அதற்கப்புறம் இருபது வருஷம் கேட்கவில்லை. பவளம் குளிக்கிறவன் எங்கே இறங்குகிறான் என்று அந்தத் தீவில் யாரும் கேட்கக் கூடாது. பெண்டாட்டி கேட்கக் கூடாது, பெற்ற மகள் கேட்கக் கூடாது, பாவமன்னிப்புக் கொடுக்கிற பாதிரியார்கூடக் கேட்கக் கூடாது. அவனாக ஒரே ஒரு ஆளிடம் சொல்லிவைப்பான், இனிமேல் கடலில் இறங்கவே முடியாத ஒரு ஆளிடம். அந்த ஆள் வாயைத் திறக்காமலே செத்துப்போக வேண்டும். அக்டோபரில் இறங்கித் திரும்பி வராத அவள் அப்பா விட்ஸ்கோவுக்கு அந்த ஆள், முக்குளிப்புச் சாமான் கடை வைத்திருந்த ஷிமே. நாற்பது மீட்டர் ஆழத்திலிருந்து ஒருமுறை அவசரமாக மேலே ஏறி, ரத்தத்தில் காற்றுக் குமிழி அடைத்து, வலது இடுப்போடு கால் செத்துப்போன மனுஷன்.

கத்துவார் என்றுதான் நினைத்தாள். போன வருஷம் வெளியூர்க்காரன் ஒருவன் விளையாட்டாக இதே கேள்வியைக் கேட்டதற்கு ஸ்பானரைத் தூக்கி எறிந்தவர். ஆனால் ஷிமே கத்தவில்லை. உப்பு மத்தி டப்பாவுக்குள் முள்கரண்டியை மெதுவாக வைத்தார். ரொட்டித் துண்டால் விரலில் இருந்த எண்ணெயைத் துடைத்தார். பிறகு கீழே பார்த்தார்.

கடல் ஜன்னல் பக்கம் இருந்தது. பவளக்காரன் பேச்சை எடுத்தால் எவனும் கடலைத்தான் பார்ப்பான். ஷிமே பார்த்தது தன் காலடித் தரையை.

"படிச்ச பொண்ணு கேக்கற கேள்வியா இது?"

"படிச்சதாலதான் கேக்கறேன். படிக்காதவங்க நாலு நாள் தேடினீங்க, அஞ்சாம் நாள் மீன் சுட்டுத் தின்னீங்க."

"வாயைப் பாரு. விட்ஸ்கோவுக்கு இப்படி ஒரு நாக்கு கிடையாது."

"அவருக்கு நாக்கே கிடையாது, மாமா. இருந்திருந்தா நான் ஏன் உங்ககிட்ட வந்து நிக்கறேன்?"

ஷிமே சிரித்தார், மூக்கால். வெளியே மூன்றாவது நாளாகத் தெற்குக் காற்று. அந்தக் காற்றடித்தால் தீவில் எல்லாமே வியர்க்கும். கடைச் சுவரில் தொங்கிய ரப்பர் உடைகளின் முழங்கைகளில் நீர் கோத்து நின்றது, கண்ணாடிப் பெட்டி உள்பக்கமாக மூச்சு விட்டதுபோல வெளுத்திருந்தது, ரப்பர் வாடையும் காற்றழுத்த மோட்டாரின் எண்ணெய் வாடையும் கலந்து நாக்கில் ஒட்டியது. ஜனவரி. மணி நாலுதான். அதற்குள் தெருவில் ஆள் இல்லை. கோடையில் கால் வைக்க இடமில்லாத தெரு அது.

"நாளைக்குக் காத்து நிக்கும், நான் இறங்கறேன்," என்றாள். "இடம் சொன்னீங்கன்னா அங்க. சொல்லலன்னா தீவைச் சுத்தி ஒவ்வொரு பாறையா. எனக்கு அவரு எலும்பு போதும். அம்மாவுக்குப் பூ வைக்க ஒரு கல்லறை வேணும். மூணு மாசமா அந்தப் பொம்பள சாப்பாட்டுல அவருக்கும் ஒரு தட்டு வைக்கறா. என்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்ல. தட்டுகிட்ட பேசறா."

ஷிமே மத்தி டப்பாவை ஓரமாகத் தள்ளினார். "என்ன விளக்கு வச்சிருக்க?" என்று கேட்டார்.

"பல்கலைக்கழகத்துல கொடுத்தது. தண்ணி பூந்துடுச்சு."

"அப்ப முதல்ல விளக்கு வாங்கு."

பேச்சை மாற்றுகிறார் என்று தெரிந்தது. இருந்தாலும் விளக்கு வேண்டியதுதான். ஷிமே மேசைமேல் மூன்றை வரிசையாக வைத்தார். முதலாவது குண்டு, அகல முகம், பளீர் வெள்ளை. "படம் பிடிக்கறவன் வாங்கறது. கிட்டத்துல எல்லாம் தெரியும், தூரத்துல ஒண்ணும் தெரியாது. சுற்றுலாக்காரனுக்குப் போதும்." இரண்டாவது நடுத்தரம், எல்லாவற்றுக்கும் ஓரளவு ஆகும், எதற்கும் முழுசாக ஆகாது. மூன்றாவது நீளமாக, கனமாக, முகம் மட்டும் சிறுத்திருந்தது. கொஞ்சம் மஞ்சள் பூத்த ஒளி. கம்பிபோல ஒரே கோடாகப் போகும். பவளக்காரர்கள் அதைத்தான் வாங்குவார்கள். ஆழம் போகப் போகச் சிவப்பு செத்துவிடும். முப்பது மீட்டருக்குக் கீழே பவளம் கறுப்பு, வெட்டுப்பட்டால் ரத்தமும் கறுப்பு. சிவப்பைத் திருப்பிக் கொண்டுவர இந்த மாதிரி ஒளி வேண்டும். அப்பாவுடையதும் இதே ரகம்.

"கீழ வா. தண்ணியில போட்டுப் பாத்து எடு."

அது புதுசில்லை. தீவில் ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் மழைநீர்த் தொட்டி உண்டு, கூரையில் விழுகிற நீரைச் சேர்த்துவைக்க. ஷிமேயின் கடைக்கு அடியிலிருந்தது எல்லாவற்றிலும் பெரியது, நிலவறை முழுக்கத் தண்ணீர். பகலிலும் இருட்டு, அலையடிக்காத நீர், அதனால் விளக்கு வாங்குகிற யாரும் அங்கே அடித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். சின்ன வயதில் அப்பாவோடு எத்தனையோ தடவை அவள் அந்தப் படிகளில் இறங்கியிருக்கிறாள். நாலு மீட்டர் ஆழம். அடியில் ஒரு உடைந்த வாளி கிடக்கும். அதன் பிடியைப் பார்க்க முடிந்தால் நல்ல விளக்கு.

இரும்பு மூடியின் மேல் ஈயக் கட்டிகள் அடுக்கியிருந்தன. முக்குளிப்பவர்கள் மூழ்குவதற்காக இடுப்பில் கட்டுகிற ஈயம். கடையில் இருந்த மொத்தமும் அங்கேதான் இருந்தது போலிருந்தது.

"எதுக்கு மாமா இத்தனை ஈயம்?"

"எலி."

"எலிக்கு அறுபது கிலோவா? ஆட்டை முழுங்கின எலியா?"

ஷிமே சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, சத்தம் வராமல், குழந்தையைப் படுக்கவைப்பதுபோலத் தரையில் வைத்தார். மூடியை இழுத்துத் தள்ளினார். பிறகு நிமிர்ந்து, தண்ணீரை ஒருமுறைகூடப் பார்க்காமல், "படகுக்கு இன்னொரு கயிறு போட்டுட்டு வரேன். மூணையும் பாரு. நீளமானதைக் கடைசியாப் பாரு," என்றார்.

செத்த காலை இழுத்துக்கொண்டு அவர் படியேறுவது கேட்டது. தலைக்கு மேலே பலகைத் தளத்தில் ஒரு அடி, ஒரு இழுப்பு, ஒரு அடி, ஒரு இழுப்பு. கதவு மணி அடித்தது. அப்புறம் காற்று மட்டும்.

படியோரத்தில் தொங்கிய குண்டு பல்பின் வெளிச்சம் தண்ணீரின் விளிம்பைத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டது. நீர் பாய்ச்சும் குழாய் எங்கோ சொட்டிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு சொட்டுக்கும் கல் வளைவு ஒரு சொட்டைத் திருப்பிக் கொடுத்தது. வாடை வேறுமாதிரி இருந்தது. மழைநீர்த் தொட்டிக்குச் சுண்ணாம்பும் பாசியும் கலந்த ஒரு மணம் உண்டு. இப்போது அந்த மணத்துக்கு அடியில் வேறொன்று, வலையைப் படகில் இழுத்துப் போட்டதும் முதலில் முகத்தில் அடிக்குமே, அது. குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். நல்ல தண்ணீர். உப்பில்லை.

முதல் விளக்கைப் பாதி முழுக்கிப் போட்டாள். தொட்டி முழுக்கப் பால்போல வெளுத்தது. சுவர்கள் தெரிந்தன, சுவரின் பூச்சு தெரிந்தது, கீழே சாம்பல் நிறத் தரை தெரிந்தது. பனியில் காரின் பெரிய விளக்கைப் போட்ட மாதிரி, ஒளி தன் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. வாளியைக் காணோம்.

அணைத்தாள். கண் பழகட்டும் என்று எண்ணத் தொடங்கினாள். தண்ணீர் இருட்டாக மூன்று எண்ணும் நேரம் பிடித்தது.

கண்ணில் தங்கிய ஒளி. அப்படித்தான் இருக்கும். கடலைப் படித்துப் பட்டம் வாங்கினவள், அவள் வீட்டில் அதுவரை யாரும் பள்ளிக்கூடம் முடித்ததில்லை. பேய்க்குப் பயப்படவா நாலு வருஷம் அக்கரை நகரமான ஸ்பிளிட்டில் ஓட்டல் பாத்திரம் கழுவிக்கொண்டே படித்தாள்?

இரண்டாவதைப் போட்டாள். இப்போது தரை கொஞ்சம் தெளிவாக இருந்தது. தரையில் மெல்லிய வரிகள், கடற்கரை மணலில் அலை போட்டுவிட்டுப் போகிற மாதிரி. கல் தரையில் மணல் வரி எப்படி வரும்? பார்த்துக்கொண்டே இருந்தாள். வரிகள் நகர்ந்தன.

அப்போதுதான் புரிந்தது, பாடத்தில் படித்தது. நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று கலக்காமல் படுத்துக்கொள்ளும், நடுவில் ஒரு தோல்போலப் பளபளக்கும். மேலிருந்து பார்த்தால் தரை மாதிரியே இருக்கும். அவள் பார்த்துக்கொண்டிருந்தது தரை அல்ல. இந்தத் தொட்டிக்குள் கடல் வந்திருந்தது. தீவு முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, உள்ளே பொந்து பொந்தாக இருக்கும். எங்கோ அடியில் உடைந்து திறந்திருக்கிறது.

சந்தோஷமாகக்கூட இருந்தது ஒரு நொடி. ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோஷம். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. யாரிடம் சொல்வது என்று தேடிப் பார்த்தாள். ஒருவரும் அகப்படவில்லை.

இரண்டாவதை அணைத்தாள். தண்ணீர் இருட்டாக ஒன்பது எண்ண வேண்டியிருந்தது.

நீளமான விளக்கை எடுத்தாள். அது கையில் சில்லென்று இருந்தது, வேண்டிய அளவைவிடக் கனமாக. முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுப் பொத்தானைத் திருகினாள். மஞ்சள் கம்பி ஒன்று நேராகக் கீழே இறங்கியது. பளபளக்கிற தோலைத் தொட்டது. நுழைந்தது. அதற்கப்புறமும் போய்க்கொண்டே இருந்தது, பத்து மீட்டர், இருபது மீட்டர், நீலமாகிற இடம்வரை, அந்த நீலமும் கறுக்கிற இடம்வரை. அடி இல்லை. ஒரு வீட்டின் கீழே, மத்தி டப்பாவும் ரொட்டியும் வைத்திருந்த ஒரு மேசையின் நேர் கீழே, அடியே இல்லை.

பக்கவாட்டில் பாறை விளிம்புகள். அவற்றின் அடிப்பக்கமெல்லாம் சிவப்பு. கொத்துக் கொத்தாகப் பவளம். இந்தத் தலைமுறையில் ஒருவனும் பார்த்திராத பவளம். நடுவே வெட்டிய தடங்கள், உளி வைத்த வெள்ளைக் காயங்கள், வரிசையாக. அவள் சின்னவளாக இருந்தபோதே அப்பாவுக்குத் தோள்பட்டை ஒடிந்து, அந்தக் கை மேலே தூக்க வராமல் போயிருந்தது. அவர் வெட்டியது என்று சொல்லாமலே தெரிந்தது. ஒரு வெட்டும் தோளுக்கு மேலே கையை ஓங்கி வெட்டியதாக இல்லை.

இடம் எது என்று கேட்டாள் அல்லவா. இதுதான்.

விளக்கை அணைத்தாள்.

இருட்டாகவில்லை.

வெகு ஆழத்தில் ஒரு புள்ளி. மஞ்சள். அசையாமல் இருந்தது, அவள் பார்க்கிறாளா என்று பார்ப்பதுபோல. பிறகு அசைந்தது. இடமிருந்து வலமாக, கீழிருந்து மேலாக, நிதானமாக ஒரு வட்டம்.

தண்ணீருக்குள் பேச முடியாது. இருட்டில் கை தெரியாது. அதனால் விளக்கால் பேசுவார்கள். மெதுவாக ஒரு வட்டம் போட்டால், நான் நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியா என்று அர்த்தம். பதிலுக்கு வட்டம் போட வேண்டும். போடாமல் இருப்பதைப்போலப் பாவம் அந்தத் தொழிலில் வேறில்லை.

அந்த வட்டம் முழு வட்டமில்லை. மேல்பக்கம் நசுங்கியிருந்தது. தோளுக்கு மேலே தூக்க முடியாத கை போடுகிற வட்டம். படகு முனையில் உட்கார்ந்துகொண்டு அவளுக்கு ஏழு வயதில் அப்பா சொல்லிக்கொடுத்த அதே வட்டம். அப்பா, இது முட்டையா என்று அவள் கேட்டாள். விழுந்து விழுந்து சிரித்தார்.

நீ நல்லா இருக்கியா?

அக்டோபரிலிருந்து யாரும் அவளைக் கேட்காத கேள்வி. அம்மா கேட்கவில்லை. பவளக்காரர் சங்கத்து ஆண்கள் கேட்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அம்மாவின் கையைப் பிடித்தார்கள், அவளிடம் காபி கேட்டார்கள். ஸ்பிளிட்டில் கூடப் படித்தவர்கள் ஒரு வாரம் செய்தி அனுப்பினார்கள், அப்புறம் இல்லை. தொண்ணூறு நாள். முதன்முதலில் கேட்டது இந்த ஒளி.

அவள் யோசிக்கவில்லை. விளக்கைப் போட்டு, தண்ணீருக்குள் கையை விட்டு, ஒரு வட்டம் போட்டாள்.

புள்ளி மேலே வந்தது. ஒரு கை நீளம். நின்றது. மறுபடி வட்டம்.

அவளும் போட்டாள். கன்னத்தில் நீர் வழிவது தெரியாமல் போட்டாள்.

இன்னொரு கை நீளம். நின்றது. அதற்குப் பக்கத்தில் இரண்டாவது புள்ளி எரிந்தது.

அதுவும் வட்டம் போட்டது. மேல்பக்கம் நசுங்கிய வட்டம்.

மூன்றாவது. நாலாவது. பாறை விளிம்புகளின் கீழிருந்து, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். ஏழு. எல்லாம் ஒரே வேகம். எல்லாம் ஒரே நசுங்கல்.

அப்பாவுக்கு ஒரு தோள்தான் ஒடிந்தது. ஏழு பேருக்கு எப்படி ஒடியும்?

படித்த மூளை மட்டும் அப்போது வேலை செய்தது. உடம்பு ஏற்கனவே ஓடிவிட்டது போலிருந்தது. அவள் ஒரு சோதனை செய்தாள். விளக்கால் ஒரு முக்கோணம் போட்டாள். முக்குளிப்பவர் மொழியில் முக்கோணத்துக்கு அர்த்தம் கிடையாது. அப்பாவாக இருந்தால், என்னடி கிறுக்கற என்று விளக்கை ஆட்டியிருப்பார்.

ஏழு புள்ளிகளும் நின்றன.

ஏழு முக்கோணங்கள்.

அவள் கை இரண்டாவது மூலையில் கொஞ்சம் வழுக்கியிருந்தது. ஏழும் அதே மூலையில் வழுக்கின.

விளக்கை அணைக்கப் பொத்தானைத் திருகினாள். விரல் வழுக்கியது. கம்பி ஒளி பக்கவாட்டில் சாய்ந்து, எல்லாவற்றுக்கும் மேலே நின்ற புள்ளியின்மேல் விழுந்தது. அவள் கவனிக்காத நேரத்தில் அது ஏறியிருந்தது, பளபளக்கிற நீர்த்தோலுக்கு ஒரு ஆள் உயரம்தான் கீழே. விளக்கைப் பிடித்திருந்தது ஒரு கையுறை. அப்பாவின் கையுறை, அம்மா நீல நூலால் தைத்த கட்டைவிரல். உள்ளே கை இல்லை. ஐந்து விரலையும் நிறைத்துக்கொண்டு, தையலைப் பிளந்துகொண்டு, பவளம். சிவப்பு. அத்தனை பருமன் வளர ஒரு மனுஷன் ஆயுள் வேண்டும். கிளை நுனிகளில் வெள்ளைப் பூக்கள் விரிந்திருந்தன. பவளம் பசியாக இருக்கும்போதுதான் அப்படி விரியும். மணிக்கட்டுக்குப் பின்னால் கிளை. கிளைக்குப் பின்னால் கிளை. இருட்டுவரைக்கும்.

அணைந்தது.

"பதில் சொன்னியா?"

ஷிமே படியில் நின்றிருந்தார். அவர் திரும்பி வந்த சத்தமே கேட்கவில்லை. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு, பிள்ளை பிறந்த சேதி சொல்லவருகிறவனைப்போல.

"பாத்தியாடி? ஏறிட்டிருக்கான்! அக்டோபர்ல கண்ணுக்கே எட்டல. ஒரு நாளைக்கு ஒரு முழம், ரெண்டு முழம். தினம் சாயங்காலம் நான் பதில் சொல்றேன், நின்னு நின்னு ஏறறான். என்னை மாதிரி அவசரப்படல அவன். புத்திசாலி."

"மாமா."

"ஈயம் எதுக்குன்னு கேட்டியே. அவசரப்பட்டு ஏறிட்டா இடுப்பு போயிடும். அதான்."

"மாமா, மூணு மாசம். ஒரு சிலிண்டர் காத்து ஒரு மணி நேரம்."

"அதெல்லாம் உங்க புத்தகத்துல."

"தேடறப்ப அவரு படகு தீவு முனைக்கு அந்தப் பக்கம் காலியா மிதந்துச்சே?"

ஷிமே சிரிப்பை நிறுத்தினார். "நான்தான் இழுத்துட்டுப் போய் விட்டேன். இடம் வெளிய தெரியக் கூடாதில்ல. சத்தியம் பண்ணிருக்கேன் அவனுக்கு."

நான்கு நாள். அம்மா துறைமுகத்தில் நனைந்த கம்பளியோடு நின்ற நான்கு நாள். இந்த ஆளும் பக்கத்தில் நின்று அவளுக்குச் சூடாக ராக்கியா சாராயம் ஊற்றிக் கொடுத்தார். நெவென்காவுக்கு அவரை அந்தத் தண்ணீரிலேயே தள்ள வேண்டும்போல வந்தது. தள்ளினால் எட்டாவது விளக்கு எரியும் என்ற நினைப்புத்தான் கையைப் பிடித்தது.

"அது அப்பா இல்ல. ஏழு இருக்கு. நான் என்ன போட்டாலும் அதையே போடுது."

"தோள் ஒடிஞ்சவன் போடற வட்டம்டி அது! எனக்குத் தெரியாதா? இருபது வருஷம் அவன்கூட இறங்கினவன் நான்."

"மூடியைப் போடுங்க."

"நீ பதில் சொல்லிட்ட. பதில் சொன்னவ பாதியில விடக் கூடாது."

"மூடியைப் போடுங்கன்னு சொல்றேன்!"

அவர் அசையவில்லை. அவளே இழுத்தாள். இரும்பு கல்லில் உரசிய சத்தம் பல்லில் கூசியது. கடைசி விரலிடை இடுக்கு வழியாக ஒளி கூரை வளைவில் விழுந்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மூடினாள். ஈயத்தை அள்ளி அள்ளி மேலே போட்டாள், நகம் உடைய. ஷிமே படியில் உட்கார்ந்து, தடுக்கவும் இல்லாமல் உதவவும் இல்லாமல், பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு ஈயம் போடுவ?" என்றார் கடைசியில், வருத்தமாக. "இந்தத் தெருவுக்கே அடியில இதே தண்ணிதான். உங்க வீட்டுத் தொட்டியும் இதுதான். உங்கம்மா பெரினாகிட்ட முந்தாநாள் சொல்லிட்டேன். பாவம், எத்தனை நாள்தான் தட்டுகிட்ட பேசுவா? ரெண்டு பக்கத்துலேருந்து கூப்பிட்டா சீக்கிரம் வருவான்ல."

அவள் படியேறினாள். கடை இருட்டாக இருந்தது. கையில் இன்னும் அந்த நீளமான விளக்கு. மேசைமேல் வைத்தாள், முகம் கீழே இருக்கும்படி.

பின்னாலேயே ஒரு அடி, ஒரு இழுப்பு. "எதை எடுத்துக்கற?"

"எதுவும் வேணாம்."

"விளக்கில்லாம எப்படி இறங்குவ?"

"இறங்கல."

"அவனை அங்கேயே விட்டுடுவியா? உங்கப்பனை?"

"ஆமா," என்றாள். சொன்னபோது வலித்தது. சொன்ன பிறகு வலிக்கவில்லை. ஆறு மணிக்குக் கப்பல். அம்மாவின் கோட்டு, அடையாள அட்டை, வேறெதுவும் வேண்டாம். வர மாட்டேன் என்றால் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். ஸ்பிளிட்டில் நாலாவது மாடி, ஒற்றை அறை, காலுக்குக் கீழே வெறும் சிமெண்ட். அப்பா வேண்டாம். எலும்பு வேண்டாம். கல்லறை வேண்டாம். உயிரோடு இருக்கிற ஒருத்தி போதும்.

கதவைத் திறந்து வெளியே நடந்தாள்.

மழை பிடித்திருந்தது. எல்லாக் கூரையிலிருந்தும் நீர் குழாய் வழியாக இறங்கி, எல்லா வீட்டுக்கும் அடியில் போய்க்கொண்டிருந்தது. எதிர் வரிசையில் மூன்றாவது வீடு அவர்களுடையது. வாசல் கதவு திறந்திருந்தது. முற்றம் தெரிந்தது.

அம்மா மழைநீர்த் தொட்டியின் கல் வாய் ஓரத்தில் மண்டியிட்டிருந்தாள். பூசைக்குப் போகும் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தாள், தலை வாரியிருந்தாள். மூடி சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அணைந்த சமையலறை விளக்கு அவள் மடியில் கிடந்தது. இனி அது தேவைப்படவில்லை, தொட்டிக்குள்ளிருந்தே அவ்வளவு வெளிச்சம், முகம் முழுக்க.

காலடி கேட்டிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குப் பிறகு மகளிடம் பேசினாள், திரும்பாமல், ரகசியமாக.

"மெதுவா வாடி. வந்துட்டாரு."

தொட்டி வாயின் விளிம்பைச் சுற்றிலும், இடைவெளியே இல்லாமல், சிவப்பு விரல்கள் பற்றியிருந்தன. அம்மா சால்வை நுனியால் அவற்றை ஒவ்வொன்றாக ஈரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.